மருதாணி, கோன், அப்புறம் எங்க வீட்டு ரகசியம்

கர்ப்பமா இருக்கிறவங்க மருதாணி வச்சுக்கலாமா? இந்தக் கேள்வியை யார்கிட்ட கேட்டாலும் பதில் ரெடியா இருக்கும். "தாராளமா வச்சுக்கலாம், நம்ம பாட்டி காலத்துல வைக்கலையா?"ன்னு ஒரு கோஷ்டி. "ஐயையோ, குளிர்ச்சி! வயித்துப் புள்ளைக்கு ஆகாது"ன்னு இன்னொரு கோஷ்டி. போன வருஷம் எங்க அக்கா வளைகாப்பு சமயத்துல இந்த ரெண்டு கோஷ்டிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நான் படிச்சது, கேட்டது, பார்த்தது எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னுதான் இது. கொஞ்சம் கெமிஸ்ட்ரி வரும். பயந்துடாதீங்க, முதல் செமஸ்டர் கெமிஸ்ட்ரியை அரியர் இல்லாம தாண்டினதே பெரிய விஷயம்னு நினைக்கிற ஆள்தான் நானும் :)

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். "மருதாணி நல்லதா கெட்டதா"ங்கற கேள்வியே பாதிக் கேள்விதான். முழுக் கேள்வி ரெண்டு இருக்கு. கையில பூசறது இலையா, இல்ல வேற ஏதாவதா? பூசிக்கிறது யாரு, அவங்க ரத்தம் எப்படிப்பட்டது? இந்த ரெண்டுக்கும் பதில் தெரியாம பாட்டி காலத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்ல.

இலை

மருதாணி இலையில லாசோன்னு ஒரு பொருள் இருக்கு. காய்ஞ்ச இலையில ஏறக்குறைய ஒரு சதவீதம். இலையைப் புளிப்போட சேர்த்து அரைச்சு வச்சா இது வெளியே வந்து, தோல்ல இருக்கிற கெரட்டின்கற புரதத்தோட ஒட்டிக்கும். வீட்ல எலுமிச்சம்பழமோ புளியோ சேர்க்கிறது இதுக்குத்தான். பாக்கு, கிராம்பு, டீ டிகாஷன்னு ஆளுக்கொரு ஃபார்முலா வேற. இலை விழுதை எடுத்த உடனே ஆரஞ்சு கலர்தான் இருக்கும். காத்துபட ஒண்ணு ரெண்டு நாள்ல கருஞ்சிவப்பா மாறும். புருஷன் பாசத்துக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லீங்க. மாமாவைக் காப்பாத்த இந்த ஒரு பாயிண்ட் எனக்கு ரொம்ப உதவுச்சு.

இந்தச் சாயம் தோலோட மேல் அடுக்குலதான் நிக்கும். அந்த அடுக்கு உதிர உதிர, ரெண்டு மூணு வாரத்துல சாயமும் போயிடும். அதனாலதான் ஆரோக்கியமா இருக்கிற பெண்கள் கர்ப்ப காலத்துல கை கால்ல சுத்தமான இலை மருதாணி வச்சுக்கிறதை டாக்டர்கள் பொதுவா தடுக்கிறதில்ல. ஆனா வாய் வழியா மருந்துன்னு அரைச்சுக் குடிக்கிறது கூடவே கூடாது. கருவைக் கலைக்க நாட்டு வைத்தியத்துல பயன்படுத்தின சரக்கு அது. கையில வைக்கிறதையும் வயித்துக்குள்ள போறதையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கக் கூடாது.

கோன்

பிரச்சினை ஆரம்பிக்கிறதே இங்கதான். நிஜ மருதாணி கறுப்பா பிடிக்காது. பத்து நிமிஷத்துல பிடிக்காது. கடை அலமாரியில ஆறு மாசம் வெயில்ல காய்ஞ்சும் கெட்டுப் போகாம இருக்காது. அரைச்ச விழுதோட சாயச் சக்தி சில நாள்லயே குறைஞ்சிடும், வேணும்னா ஃப்ரீசர்ல வச்சுக்கலாம். அப்படின்னா பத்து நிமிஷத்துல பளிச்சுன்னு பிடிக்கிற கோனுக்குள்ள என்ன இருக்கு?

கறுப்பு மெஹந்தின்னு விக்கிறதுல பல சமயம் இருக்கிறது பாரா-ஃபினைலீன்டைஅமீன், சுருக்கமா பிபிடி. தலைக்குப் போடற கறுப்பு டைல இருக்கிற அதே சரக்கு. ஐரோப்பாவுல தலைச்சாயத்துல 2 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாது, தோல்ல நேரடியாப் பூசவே கூடாது. ஆனா கறுப்பு மெஹந்தி மாதிரிகள்ல 15 சதவீதத்துக்கும் மேல இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு பண்ணியிருக்காங்க. 2006-ல் அமெரிக்காவுல இருக்கிற தோல் அலர்ஜி மருத்துவர்கள் சங்கம் அந்த வருஷத்தோட 'முக்கிய அலர்ஜிப் பொருள்'னு பட்டம் குடுத்ததே இந்த பிபிடிக்குத்தான். என்னா ஒரு விருது!

போட்ட டிசைன் அப்படியே கொப்புளமா எழும்பும். சில பேருக்கு மறுநாளே, சில பேருக்கு ரெண்டு வாரம் கழிச்சு. அதைவிட மோசம், ஒரு தடவை உடம்பு இதை எதிரின்னு முடிவு பண்ணிட்டா ஆயுசுக்கும் மறக்காது. பத்து வருஷம் கழிச்சுத் தலைக்கு டை போட்டாலும் முகம் வீங்கும். கர்ப்பமா இருக்கிறப்ப இப்படி ஆச்சுன்னா எந்த மாத்திரை குடுக்கலாம், எது கூடாதுன்னு டாக்டர் யோசிச்சு யோசிச்சுத்தான் வைத்தியம் பார்க்கணும். ஒரு டிசைனுக்காக இது தேவையா?

கறுப்பு மட்டும்தான் ஆபத்துன்னும் நினைக்காதீங்க. சிவப்பு கோன்லயும் வேலை நடக்குது. 2023-ல் தெலங்கானா மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பிடிச்ச மெஹந்தி கோன்ல பிக்ராமிக் அமிலம்கற செயற்கைச் சாயம் இருந்ததாச் சொன்னாங்க. சீக்கிரம் பிடிக்கணும்னு மண்ணெண்ணெய், தின்னர் மாதிரி சமாச்சாரம் கலக்கிறவங்களும் இருக்காங்க. கோன் மேல 'நூறு சதவீதம் இயற்கை'ன்னு மட்டும் எழுதியிருக்கும், உள்ள என்னென்ன இருக்குன்னு எழுதியிருக்காது. எங்க ஆபீஸ்ல சோர்ஸ் கோட் காட்டாம 'நல்லா வேலை செய்யும் சார், நம்புங்க'ன்னு ஒருத்தன் சொன்னா புரொடக்‌ஷன்ல ஏத்துவோமா? உடம்பை விடவா புரொடக்‌ஷன் பெருசு?

எங்க வீட்டுக் கதை

இது வரைக்கும் எல்லாருக்கும் பொது. இனிமே எங்க வீட்டு விஷயம்.

எனக்கு ஜி6பிடி குறைபாடு இருக்கு. சிவப்பணுவுக்குள்ள இருக்கிற ஒரு நொதி அது. ரத்தத்துல ஆக்சிஜன் சம்பந்தப்பட்ட சில ரசாயனத் தாக்குதல் வர்றப்ப சிவப்பணுவைக் காப்பாத்தற செக்யூரிட்டி கார்டு மாதிரி. எனக்கு அந்த கார்டு பாதி நேரம் லீவு. சாதாரணமா ஒரு பிரச்சினையும் இல்ல, கிரிக்கெட் ஆடறேன், பிரியாணி சாப்பிடறேன். ஆனா சில மருந்து, சில பொருள் பக்கத்துல வந்தா சிவப்பணு கூட்டம் கூட்டமா உடையும். உலகம் முழுக்க சுமார் 40 கோடிப் பேருக்கு இருக்கிற சமாச்சாரம்தான், அபூர்வம் ஒண்ணும் இல்ல.

மூணு வயசுல பெட்டியில அந்துருண்டை போட்டு வச்சிருந்த ஸ்வெட்டரை எடுத்து எனக்கு மாட்டி விட்டிருக்காங்க. ரெண்டு நாள்ல உடம்பு வெளுத்து, சிறுநீர் கட்டன் டீ கலர்ல போய், ஆஸ்பத்திரியில சேர்த்து ரத்தம் ஏத்தினாங்களாம். அப்பத்தான் கண்டுபிடிச்சாங்க. அன்னையிலிருந்து அம்மா பர்ஸ்ல நாலா மடிச்ச ஒரு பேப்பர் இருக்கும். பிரைமாகுயின், டாப்சோன், நைட்ரோஃபியூரன்டாயின், அந்துருண்டை, ஃபாவா பீன்ஸ் (நம்ம ஊர் அவரைக்காய் இல்ல, வடக்கே பாக்லான்னு சொல்றது). கடைசி வரியில மருதாணி.

சின்ன வயசுல எனக்கு இது புரியாது. ஆடி மாசம் தெருவே மருதாணி வச்சுக்கும், அக்கா பத்து விரல்லயும் தொப்பி போட்டுக்கிட்டு உக்காந்திருப்பா, எனக்கு மட்டும் கிடையாது. பெரியவனான பிறகு படிச்சப்பதான் விஷயம் தெரிஞ்சுது. அந்துருண்டையில இருக்கிறது நாஃப்தலீன். அது உடம்புக்குள்ள போய் மாறுறது நாஃப்தோகுயினோன் வகைக்கு. மருதாணியில இருக்கிற லாசோனும் ஒரு நாஃப்தோகுயினோன்தான். ரெண்டு பேரும் ஒரே குடும்பம்! பச்சை இலை, கையால பறிச்சது, அம்மியில அரைச்சது, எல்லாம் சரி. ஆனா எங்க மாதிரி ஆளுக்கு அந்தச் சுத்தமான இலையே சிக்கல்.

பெரியவங்களை விடக் குழந்தைகளுக்குத்தான் இது ரொம்ப ஆபத்து. தோல் மெல்லிசு, எடைக்குத் தோல் பரப்பு அதிகம், கல்லீரலும் இன்னும் பழகியிருக்காது. சிவப்பணு உடைஞ்சா மஞ்சள் காமாலை எகிறும், எல்லை மீறினா மூளையைப் பாதிக்கும். 2001-ல் ஐக்கிய அரபு அமீரகத்து டாக்டர்கள், ஜி6பிடி குறைபாடு உள்ள நாலு குழந்தைகளுக்கு மருதாணி பூசினதால உயிருக்கே ஆபத்தாகற அளவு ரத்தம் உடைஞ்சதைப் பதிவு பண்ணியிருக்காங்க. சாப்பிட்டு இல்ல, வெறுமனே தோல்ல பூசி.

கணக்கு

அக்காவுக்கு ஏழாம் மாசம் திருச்சியில வளைகாப்பு. மூணு வாரம் முன்னாடி அக்காவோட மாமியார், அதாவது அத்தை, அம்மாவுக்கு போன் பண்ணி, "மெஹந்தி போடற பொண்ணைச் சொல்லி வச்சிருக்கேன் சம்பந்தி, ரெண்டு கையும் முழங்கை வரைக்கும்"னு சந்தோஷமாச் சொன்னாங்க. அம்மா "சரிங்க"ன்னு போனை வச்சிட்டு என்னைக் கூப்பிட்டாங்க. பதட்டம் குரல்லயே தெரிஞ்சுது.

ஜி6பிடி கோளாறு எக்ஸ் குரோமோசோம் வழியா வர்றது. எனக்கு வந்தது அம்மாகிட்டேர்ந்து. அக்காவுக்கும் அதே எக்ஸ் போயிருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவளுக்குப் போயிருந்தா, பிறக்கிறது பையனா இருந்தா அவனுக்கும் பாதிக்குப் பாதி. பையனா பொண்ணான்னு பிறக்கிறதுக்கு முன்னாடி சொல்லக் கூடாதுன்னு 1994-லயே சட்டம் இருக்கு. ஆக, தெரியாதுன்னு வச்சுக்கிட்டுத்தான் முடிவெடுக்கணும்.

கணக்கு எனக்கு சுலபம். அம்மாவுக்கு இது கணக்கே இல்ல. விஷயம் என்னன்னா, இது அத்தை வீட்டுக்குத் தெரியாது. கல்யாணம் பேசறப்ப அம்மா சொல்லல. "பொண்ணுக்கு ஒண்ணும் இல்லையே, உனக்குத்தானே, எதுக்குச் சொல்லணும்"கறது அம்மாவோட அன்னைய நியாயம். இப்ப மருதாணி வேணாம்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா 'மறைச்சுப் பொண்ணு குடுத்துட்டாங்க'ன்னு ஆகும். "ஒரு நாள் கூத்துதானே, வச்சுக்கட்டும் விடுடா. உனக்குக் குடுத்த மாதிரி அவளுக்கும் நான் குடுத்திருப்பேன்னு ஏன் நினைக்கணும்?"னு அம்மா அழுதப்ப எனக்குப் பேச வாய் வரல.

பேசினது அக்காதான். "முதல்ல டெஸ்ட் எடுத்துடறேன்மா, அப்புறம் அத்தைகிட்ட நானே பேசிக்கிறேன்"னா.

டெஸ்ட் ரிசல்ட் வந்தது, நொதி அளவு நார்மலுக்குக் கீழே. பெண்களுக்கு ரெண்டு எக்ஸ் இருக்கிறதால ஒவ்வொரு செல்லும் ஏதாவது ஒரு எக்ஸை மட்டும் ஆன் பண்ணி வச்சுக்கும், அதனால இப்படி நடுவாந்தரமா வரும், நார்மலா வந்தாக்கூட கேரியர் இல்லைன்னு அடிச்சுச் சொல்ல முடியாதுன்னு டாக்டரம்மா விளக்கினாங்க. மருதாணி பத்தியும் கேட்டோம். "பெரியவங்க கையில பூசற இலையிலிருந்து உள்ள போற அளவு கம்மிதான். வேற யாராவதா இருந்தா சுத்தமான இலைன்னா வச்சுக்கோங்கன்னு சொல்லிடுவேன். உங்க குடும்பத்துல இது இருக்கு, தவிர்க்க முடிஞ்சதைத் தவிர்த்துடுங்க. கடை கோன் யாருக்குமே வேணாம். குழந்தை பிறந்த உடனே டெஸ்ட் பண்ணச் சொல்லி ஃபைல்ல எழுதிடறேன்." அவ்ளோதான், ரெண்டு நிமிஷம்.

அந்த ஃபைல்ல எழுதின ஒரு வரிதான் முக்கியம்னு எனக்கு அப்பத் தெரியாது.

அத்தை

அக்கா சொன்ன அன்னைக்கு அத்தை ஒண்ணுமே பேசலையாம். "பையனா பொறந்தா வருமா?"ன்னு மட்டும் கேட்டிருக்காங்க. "வரலாம் அத்தை"ன்னு இவ சொல்லியிருக்கா. ரெண்டு நாள் வீட்ல டிவி சத்தம் மட்டும்தான்னு மாமா வாட்ஸப்ல புலம்பினார். மூணாம் நாள் அத்தையே அம்மாவுக்கு போன் பண்ணினாங்க. "முன்னாடியே சொல்லியிருக்கலாம் சம்பந்தி"ன்னு ஆரம்பிச்சாங்க. அம்மாவால பதில் பேச முடியல. "சரி விடுங்க. அந்தப் பேப்பர் வச்சிருக்கீங்களாமே, அதை ஒரு காப்பி எடுத்து எனக்குக் குடுங்க"ன்னு முடிச்சாங்க.

மெஹந்தி போடற பொண்ணையும் வர வேண்டாம்னு சொல்லல. மத்தவங்க கைக்குப் போட வந்துச்சு. நான் சும்மா இருப்பேனா, போய்ப் பேச்சுக் குடுத்தேன். "பவுடர் நானே கலக்கறதுதாண்ணா, ஆறு மணி நேரம் வச்சிருக்கணும். ஆனா எல்லாருக்கும் உடனே வேணும், கறுப்பா வேணும். அதுக்குக் கடை கோன்தான். மாட்டேன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்குவாங்க"ன்னு ஒளிக்காமச் சொல்லிச்சு. அந்தப் பொண்ணு விரல் நுனியெல்லாம் தோல் உரிஞ்சு வெடிச்சிருந்தது. தினம் அந்தக் கோனைப் பிடிக்கிற கை அது. நம்ம கையில ஒரு நாள், அதுக்கு வருஷம் முழுக்க. இதை யாரும் கேக்கிறதில்ல.

வளைகாப்பு அன்னைக்கு அக்கா கையில சந்தனம், குங்குமம், கண்ணாடி வளையல். "ஏன் மருதாணி இல்ல?"ன்னு கேட்ட எல்லாருக்கும் அத்தை ஒரே பதில்தான் வச்சிருந்தாங்க. "டாக்டர் வேணாம்னுட்டார்."

பையன் பிறந்தான். ஃபைல்ல எழுதியிருந்ததால அன்னைக்கே ரத்தம் எடுத்தாங்க. அவனுக்கும் இருக்கு. மூணாம் நாள் காமாலை ஏற ஆரம்பிச்சது, முன்கூட்டியே தெரிஞ்சதால உடனே நீல விளக்குக்கு அடியில வச்சாங்க, ரெண்டே நாள்ல இறங்கிடுச்சு. எனக்கு மூணு வயசுல தெரிஞ்சது அவனுக்கு முதல் நாளே தெரிஞ்சிடுச்சு.

வீட்டுக்கு வந்த ரெண்டாவது வாரம் தூரத்து உறவுல ஒரு பாட்டி கிண்ணத்துல மருதாணி அரைச்சு எடுத்துக்கிட்டு வந்தாங்க. "புள்ளைக்கு உடம்பு சூடா இருக்கு, உள்ளங்கால்ல துளி வச்சா குளிர்ந்துடும்." நான் எழுந்திருக்கிறதுக்குள்ள அத்தை கிண்ணத்தை வாங்கி அடுப்படியில வச்சிட்டு வந்தாங்க. "எங்க பேரனுக்கு அது ஆகாது பெரியம்மா. ரத்தம் உடைஞ்சிடும்." இந்தத் தடவை டாக்டரை இழுக்கல. கூடத்துல பத்துப் பேர் இருந்தாங்க, எல்லார் காதுலயும் விழுந்துச்சு. அம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டு தொட்டில் துணியை மடிச்சுக்கிட்டே இருந்தாங்க.

சுருக்கமா

வீட்ல யாராவது கர்ப்பமா இருந்தா இதை மட்டும் பாருங்க:

1. இலையைப் பறிச்சு அரைங்க, இல்லைன்னா கலப்படம் இல்லாத பவுடர் வாங்கி நீங்களே கலக்குங்க. கறுப்பு கோன், உடனே பிடிக்கிற கோன், பெட்ரோல் வாசனை அடிக்கிற கோன் எதுவும் வேணாம்.

2. மசக்கை நேரத்துல நீலகிரித் தைலம், கிராம்பு எண்ணெய் ஊத்தின மருதாணி வாசனையே குமட்டும். தைலம் இல்லாமலே பிடிக்கும், கொஞ்ச நேரம் கூட வச்சிருந்தா போதும்.

3. நகத்தை விட்டுடுங்க. தோல்ல இருக்கிறது போயிடும், நகத்துல ஏறினது நகம் வளர்ந்து வெட்டற வரைக்கும் போகாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுல இந்தியக் கர்ப்பிணிகள்ல 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. டாக்டர் நகத்தைப் பார்த்துத்தான் வெளுப்பு இருக்கான்னு கவனிப்பாங்க. விரல்ல மாட்டற ஆக்சிஜன் கருவிக்கும் கறுப்புச் சாயம் குறுக்க நிக்கும்.

4. குடும்பத்துல யாருக்காவது, முக்கியமா அம்மா வழி ஆண்களுக்கு, சின்ன வயசுல கடுமையான காமாலை, மருந்து சாப்பிட்டு ரத்தம் உடைஞ்சதுன்னு கதை இருந்தா டாக்டர்கிட்டச் சொல்லுங்க. கௌரவம் பார்க்காதீங்க. ஜி6பிடி டெஸ்ட் ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனைதான்.

5. பச்சைக் குழந்தைக்கு மருதாணி வேணவே வேணாம், டெஸ்ட் ஆகியிருந்தாலும் ஆகாட்டியும். தொட்டில் துணி வைக்கிற பீரோவுல அந்துருண்டையும் வேணாம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, பொட்டி தட்டறவன். சந்தேகம் இருந்தா உங்க டாக்டரைக் கேளுங்க. பக்கத்து வீட்டு மாமியைக் கேக்காதீங்க :)